அஞ்சாவது ஆள்

1

பாலுக்குத் தேதி போட்டிருப்பார்கள், மாத்திரைக்குப் போட்டிருப்பார்கள். நாற்காலிக்கும் தேதி உண்டு என்பது கனடாவுக்கு வந்து ஏழு வருடம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. போன வாரம் வீட்டின் கீழறையைப் பெருக்கும்போது மகள் வர்ஷாவின் பழைய கார் சீட்டைக் கவிழ்த்தேன். சின்னப் பிள்ளைகளைக் காரில் உட்காரவைத்து, தோளுக்கு இரண்டு, இடுப்புக்கு இரண்டு என்று வார் போட்டுப் பூட்டுகிற பிளாஸ்டிக் இருக்கை அது. அடியில் எழுத்து புடைத்திருந்தது. 2008 டிசம்பருக்குப் பிறகு இதை உபயோகிக்கக் கூடாதாம்.

வர்ஷாவுக்கு ஆறு வயதாகிறது. அவள் வேறொரு பெரிய சீட்டுக்கு மாறி வெகுநாளாயிற்று. எட்டு வயதுவரை ஏதாவது ஒன்றில் உட்கார்ந்தே ஆக வேண்டும், இந்த மாகாணத்துச் சட்டம் அப்படி. பழையதை யாராவது இல்லாதவர்களுக்குக் கொடுக்கலாமே என்று, பழைய சாமான்களை வாங்கி விற்கிற தருமக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். வாசலிலேயே கையை ஆட்டிவிட்டார்கள். கீறல் விழுந்த தட்டு வாங்குவார்கள், செத்தவர்களின் கோட்டுகூட வாங்குவார்கள், இதை மட்டும் தொட மாட்டார்களாம்.

நகராட்சிக்குப் போன் போட்டேன். ஒன்றை அமுக்கு, மூன்றை அமுக்கு என்று சொல்லிவிட்டுக் கால் மணி நேரம் பாட்டுப் போட்டார்கள். பிறகு ஒரு பெண் வந்தாள். வார்களை வெட்ட வேண்டும், இருக்கையின் மேல் பெரிதாக ‘உபயோகிக்காதே’ என்று எழுத வேண்டும், கறுப்புப் பையில் சுற்றித் தனியாக வெளியே வைக்க வேண்டும் என்றாள். நன்றாகத்தானே இருக்கிறது, எதற்காக வெட்ட வேண்டும் என்று கேட்டேன். அவள் காரணம் சொல்லவில்லை. என் ஆங்கிலத்தைக் கேட்டுவிட்டு, சொன்னதையே இன்னும் மெதுவாக, செவிடிக்குச் சொல்வதைப் போலத் திரும்பச் சொன்னாள்.

சீட்டின் முதுகுப்பக்கம் ஒரு கயிற்றுத் துண்டு இன்னும் இருக்கிறது. பண்டல் கட்டுகிற சணல் கயிறு. நாலு வருடத்துக்கு முன் என் அண்ணன் போட்ட முடிச்சு அது. என் கணவர் ரவி விமான நிலையத்தில் வைத்து எவ்வளவோ முயன்றும் அவிழ்க்க முடியாமல், இரண்டு பக்கமும் அறுத்துவிட்டு முடிச்சை அப்படியே விட்டுவிட்டார்.

2

அதே வாரத்தில்தான் அந்த இமெயிலும் வந்தது. விருதுநகரில் என்னோடு படித்தவள் அனுப்பியிருந்தாள். அவளும் இப்போது அமெரிக்காவில் எங்கேயோ இருக்கிறாள். வெளிநாட்டில் இருக்கிற நம் ஆட்கள் மாற்றி மாற்றி அனுப்பிக்கொள்கிற மாதிரிக் கடிதம்தான். ‘நம் காலத்தில் பெல்ட் ஏது? பிள்ளைகளுக்குத் தனி சீட் ஏது? டிராக்டர் மட்கார்டில் உட்கார்ந்து போனோம், லாரி லோடு மேல் படுத்துக்கொண்டு நட்சத்திரம் பார்த்தோம், ஒரு காரில் பதினாலு பேர் போனோம். ஒன்றும் ஆகவில்லையே, கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறோமே. இதைப் பத்துப் பேருக்கு அனுப்பு.’ கீழே சிரிக்கிற மூஞ்சி மூன்று.

அதில் எழுதியிருந்தது பொய் என்று சொல்ல மாட்டேன். நாரணாபுரத்தில் எங்கள் தெருவுக்கு வாடகைக் கார் வருவது வருடத்துக்கு ஒரு தடவை. பிளசர் வருது, பிளசர் வருது என்று பிள்ளைகள் தெருமுனைக்கு ஓடுவோம். டிரைவருக்கு வலப்பக்கமும் ஓர் ஆள் உட்காருவார். டிரைவர் பாதி உடம்பை நடுவில் நகர்த்திக்கொண்டு, கியருக்குக் கை போட வேண்டுமானால் இன்னொருவர் தொடையை விலக்கிவிட்டுப் போடுவார். பின்னால் பெரியவர்கள் ஐந்து பேர், அவர்கள் மடியில் பிள்ளைகள், அந்தப் பிள்ளைகள் மடியில் இன்னும் சின்னப் பிள்ளைகள்.

எங்கள் பக்கத்தில் மடி ஒருவருக்குச் சொந்தமில்லை. சிவகாசி பஸ்ஸில் ஏறுகிற பெண், முன்பின் பார்த்திராத ஒருத்தியின் மடியில் பிள்ளையைப் போட்டுவிட்டுக் கம்பியைப் பிடித்து நின்றுகொள்வாள். வாங்கியவள் ஏன் என்று கேட்க மாட்டாள். இறங்கும்போது கொடுத்துவிடுவாள், அவ்வளவுதான். உட்கார்ந்திருக்கிறவர் யாரானாலும் அவர் ஒரு பிள்ளைக்கு சீட்.

என் சீட் என் அண்ணன் முத்து. என்னைவிட ஐந்து வயது மூத்தவர். என்னை மடியில் வாங்கி, இரண்டு கை விரல்களையும் என் வயிற்றின் மேல் கோத்து இறுக்கிக்கொள்வார். “பூட்டியாச்சு. இனி எமன் வந்தாலும் தெறக்க முடியாது” என்பார்.

எமன் வந்தான். வெம்பக்கோட்டை அணைக்கு அந்தப் பக்கம் எங்கள் குலசாமி கோயில் இருக்கிறது. தம்பி சின்னராசுக்கு மூன்று வயதில் அங்கே மொட்டை எடுத்துக் காது குத்திவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். எனக்கு ஆறு வயது. தம்பி அண்ணன் மடியில் இருந்தான். நான் கதவோரம் பெரியம்மா மடியில். எனக்கு அண்ணன் மடிதான் வேண்டும் என்று அழ ஆரம்பித்தேன். சும்மா அழவில்லை, காலை உதைத்துக்கொண்டு அழுதேன். பொறுக்க முடியாமல் கடைசியில் எங்களை மாற்றினார்கள். தம்பி பெரியம்மா மடிக்குப் போனான். நான் அண்ணன் மடிக்கு வந்தேன். பூட்டியாச்சு என்றார்.

அந்தப் பக்கத்துக் கதவின் தாழ் சரியில்லை. டிரைவர் கயிறு போட்டுக் கட்டியிருந்தார். ஒரு வளைவில் கயிறு அவிழ்ந்தது. பெரியம்மா கண்ணயர்ந்திருந்தார். தலையில் பூசிய சந்தனம் காய்வதற்குள் தம்பி போய்விட்டான். கார் நின்று எல்லோரும் இறங்கி ஓடிய பிறகும் அண்ணனின் கை என் வயிற்றைவிட்டுப் பிரியவில்லை. யாரோ வந்து அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் என்னை வெளியே எடுத்தார்கள்.

அம்மா சாகும்வரை அண்ணனிடம் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தாள். “பிள்ளைய எதுக்குலே மாத்திக் குடுத்த?” தீபாவளிக்குக் கேட்பாள், அண்ணன் கல்யாணத்தன்றும் கேட்டாள். என் பெயரைச் சொல்லி, வசந்தா அழுதாள் என்று அவர் ஒரு நாளும் சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டு எழுந்து வெளியே போய்விடுவார். அடுத்த வருடமே அவர் தீப்பெட்டிக் கம்பெனிக்குப் போனார். நான் பள்ளிக்கூடம் போனேன்.

நான் சின்னப் பிள்ளை, எனக்கு எதுவும் நினைவிருக்காது என்று அண்ணன் நம்பிக்கொண்டிருக்கிறார். எனக்கு அந்த அழுகையின் ருசிகூட நினைவிருக்கிறது. அம்மா கேட்டபோதெல்லாம் நானும் பக்கத்தில்தான் இருந்தேன். ஒரு தடவையாவது வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை.

மெயிலைப் பத்துப் பேருக்கு நான் அனுப்பவில்லை. ஒன்றும் ஆகவில்லையே என்று எழுதுகிறவர்கள் ஒன்றும் ஆகாதவர்கள். சின்னராசுக்கு இமெயில் கிடையாது.

3

வர்ஷா இங்கே ஆஸ்பத்திரியில் பிறந்தாள். மூன்றாம் நாள் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். ரவி நண்பரின் காரைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தியிருந்தார். துணி சுற்றிப் பிள்ளையை எடுத்துக்கொண்டு கிளம்பினோம். நர்ஸ் வழியை மறித்து, சீட் எங்கே என்றாள்.

எனக்கு அப்போது ஆங்கிலம் இன்னும் மோசம். என் மடியில் இடம் இருக்கிறது என்று சொன்னேன். இலக்கணப்படி சரியான வாக்கியம்தான். ஆனால் அப்படி ஒரு வாக்கியம் இந்த நாட்டில் கிடையாது. அவள் என் மடியைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள், பிறகு இன்னொரு நர்ஸைக் கூட்டிக்கொண்டு வந்தாள். பெற்ற பிள்ளையைத் திருடிக்கொண்டு போகிறவளைப் போல நான் அங்கே நின்றுகொண்டிருந்தேன். ரவி கடைக்கு ஓடி சீட் வாங்கி வந்து, அதை மாட்டத் தெரியாமல் வியர்த்து, கடைசியில் ஒரு காவலாளி வந்து மாட்டிக்கொடுத்தார். அதற்குள் இரண்டு மணி நேரம் போய்விட்டது.

அன்றைக்கு அவ்வளவு அவமானப்பட்டவள், ஒரே மாதத்தில் அந்த சீட்டின் பக்தை ஆகிவிட்டேன். அதன் பூட்டு விழுகிற சத்தம் கேட்டால்தான் எனக்கு மூச்சு வரும். காரில் போகும்போது பத்துத் தடவை திரும்பிப் பார்ப்பேன். வெள்ளைக்காரியே இவ்வளவு பயப்பட மாட்டாள் என்று ரவி கேலி செய்வார். அவருக்குச் சின்னராசு கதை தெரியும். நான் அழுத கதை தெரியாது.

4

வர்ஷாவுக்கு இரண்டு வயதானபோது ஊருக்குப் போனோம். குலசாமி கோயிலில் அவளுக்கு மொட்டை எடுத்துக் காது குத்த வேண்டும். சீட்டையும் கொண்டுபோனேன். விமானத்தில் ஏற்ற ஒரு படிவம், இறக்க ஒரு படிவம். மதுரையில் வந்து இறங்கியபோது போர்ட்டர் அதைத் தலையில் வைத்துக்கொண்டு, “இது என்னக்கா, சிம்மாசனமா?” என்றான்.

அண்ணன் அப்போது விஸ்வநத்தத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் மருந்து அடைக்கிற ரூமில் இருந்தார். சீசன் நேரம். ஆர்டர் குவிந்து கிடக்கும்போது லீவு கேட்டால் கம்பெனியில் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். மருமகளுக்குக் காது குத்து, தாய்மாமன் நான் இல்லாம எப்பிடி என்று சொல்லி ஒரு நாள் வாங்கியிருந்தார். எங்கள் வழக்கப்படி பிள்ளை தாய்மாமன் மடியில் உட்கார்ந்துதான் மொட்டையும் எடுக்க வேண்டும், காதும் குத்த வேண்டும். மாமன் மடி இல்லாத காது குத்து எங்கள் பக்கத்தில் காது குத்தே இல்லை.

வாடகை வேன் காலையில் வந்தது. டிரைவர் செல்வம் எங்கள் தெருப் பையன்தான். நடு சீட்டில் பெல்ட் எங்கே இருக்கிறது என்று அவனிடம் கேட்டேன். “இந்த வண்டியில பெல்ட்டுன்னா என் இடுப்புல இருக்கதுதான்க்கா” என்றான்.

நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டதைப் பார்த்துவிட்டு அண்ணன் உள்ளே போய்ச் சணல் கயிறு எடுத்துவந்தார். பிளாஸ்டிக் இருக்கையை வேனின் நடு சீட்டோடு சேர்த்து, முன்னும் பின்னும் விட்டு எடுத்து, முழங்காலை வைத்து அழுத்தி, பட்டாசு பண்டல் கட்டுகிற கட்டுக் கட்டினார். ஆட்டிப் பார்த்தார். அசையவில்லை. “இப்பச் சரியாத்தா? லாரியில டெல்லி வரைக்கும் போகும் இந்தக் கட்டு” என்றார்.

பிறகு எல்லோரும் ஏறினோம். முன்னால் டிரைவர், ரவி, என் மாமனார். நடுவில் வர்ஷாவின் சீட், நான், மாமியார், அண்ணி. பின்னால் அண்ணனின் பிள்ளைகள் இரண்டு பேர், பொங்கல் பானை, பாத்திரங்கள், கிடாய். ஒருவர் மேல் ஒருவர் உட்காரக் கூடாது என்று நான் ஏற்கெனவே சொல்லியிருந்தேன். அண்ணன் மஞ்சப்பையைக் கையில் வைத்துக்கொண்டு கீழே நின்றார். அவருக்கு இடமில்லை.

மாமியார்தான் சொன்னார். “பிள்ளைய அவுக மாமன் மடியில வச்சுக்கிட்டா எடம் சரியாப் போகுமே. அந்தப் பொட்டியக் கழத்தி மேல போடுங்க.”

அண்ணன் வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு நீட்டினார். “குடு தாயி, நான் வச்சுக்கிறேன்.”

“இல்லண்ணே, வேண்டாம்” என்றேன். “அங்க சட்டமே இருக்கு. மடியெல்லாம் நம்ப முடியாது.”

வாயிலிருந்து போன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே கேட்டது. அதே கோயில், அதே சாலை, அதே மாதிரி ஒரு காது குத்து. வேனில் இருந்த பெரியவர்கள் எல்லோருக்கும் சின்னராசைத் தெரியும். அண்ணி தலையைத் திருப்பி ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். அண்ணனின் கை நீட்டியபடியே கொஞ்சம் நின்றது. பிறகு அதை மடக்கிக்கொண்டார்.

அவர் சிரித்தார். அதுதான் என்னால் இன்றுவரை தாங்க முடியாதது.

“அதும் சரிதான். எங்க ரூம்லயும் இந்தக் கதைதான் தாயி. நாலு பேருக்கு மேல இருக்கப்படாதுன்னு கதவுல எழுதியிருக்கும். சீசன்ல நாங்க ஆறேழு பேரு உக்காந்திருப்போம். செக்கிங் வருதுன்னா அஞ்சாவது ஆளு எந்திரிச்சு வேப்பமரத்தடிக்குப் போயிரணும். எப்பவும் நான்தான் அஞ்சாவது ஆளு. நீங்க முன்னால போங்க, நான் பஸ்ஸப் பிடிச்சு வந்துருவேன்.”

செல்வம் வண்டியை எடுத்தான். நான் வர்ஷாவின் வார்களை இழுத்துச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு அண்ணனுக்கு செக்கிங் வந்த அதிகாரி நான்தான்.

5

பஸ் வெம்பக்கோட்டை வரைக்கும்தான் போகும். அங்கிருந்து கோயிலுக்கு நடக்க வேண்டும். இது எனக்குத் தெரியாததல்ல.

கோயிலில் பத்தரைக்கு நல்ல நேரம் முடிகிறது என்றார்கள். காது குத்துகிற ஆசாரிக்கு அடுத்து இரண்டு இடங்களில் வேலை இருந்தது. நாவிதர் கத்தியைத் தீட்டி வைத்துவிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். மாமன் எங்க, மாமன் எங்க என்று எல்லோரும் சாலையைப் பார்த்தார்கள். என் பெரியப்பா மகன் சேகர் மோட்டார் பைக்கில் வந்திருந்தான். பெட்ரோல் டேங்க் மேல் ஒரு பிள்ளை, பின்னால் மனைவி, அவள் இடுப்பில் இன்னொரு பிள்ளை. ஹெல்மெட் இல்லாமல் நாலு பேரும் சிரித்துக்கொண்டே வந்து இறங்கினார்கள்.

“சேகரும் மாமன் மொறைதான. அவன் ஒக்காரட்டும்” என்று யாரோ சொன்னார்கள். மாமனார் கடிகாரத்தைப் பார்த்தார். ரவி என்னைப் பார்த்தார். அண்ணன் வரட்டும் என்று ஒரு வார்த்தை நான் சொல்லியிருந்தால் நல்ல நேரமும் காத்திருக்கும், ஆசாரியும் காத்திருப்பார். பெற்றவள் சொன்னால் கேட்காமல் போவார்களா? வண்டியில் ஏறியதிலிருந்து எனக்கு அண்ணன் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது. சீக்கிரம் முடிந்துவிட்டால் போதும் என்றிருந்தது. தலையை ஆட்டினேன்.

சேகர் மடியில் வர்ஷாவுக்கு மொட்டை எடுத்தார்கள். ஆசாரி தன்னிடமிருந்த கம்பி வளையத்தை வைத்துக் குத்திவிட்டார். மாமன் வாங்கிய கம்மல் மாமன் சட்டைப்பையில் அல்லவா இருந்தது.

அண்ணன் வரும்போது மணி பதினொன்று தாண்டியிருந்தது. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. வாசலிலேயே பிள்ளையின் தலையில் சந்தனத்தைப் பார்த்துவிட்டார். நின்ற இடத்திலேயே கொஞ்ச நேரம் நின்றார். அவருக்கு அந்தச் சந்தனம் யாருடையதாகத் தெரிந்தது என்று எனக்குத் தெரியும். பிறகு வந்து, “முடிஞ்சிருச்சா? நல்லதாப் போச்சு. நேரந் தவறக்கூடாதுல்ல” என்று சொல்லிக் கையை நீட்டினார். காது வலியில் இருந்த வர்ஷா அவரைப் பார்த்து வீறிட்டு, என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

“பழக்கமில்லாத பிள்ள, பாவம்” என்றார். சட்டைப்பையிலிருந்து கம்மல் டப்பாவை எடுத்து என் கையில் வைத்தார். “புண்ணு ஆறுனதும் இதப் போட்டுவிடு.”

திரும்பும்போது எல்லோரும் நெருக்கி உட்காரலாம் என்று நானே சொன்னேன். எச்சில் பாத்திரம் கழுவி எடுத்துவர ஆள் வேண்டும் என்று அவர் பின்தங்கிவிட்டார். நாங்கள் கனடாவுக்குக் கிளம்புகிற வரைக்கும் வர்ஷாவைத் தூக்க அவர் கையை நீட்டவே இல்லை. பக்கத்தில் வந்து குனிந்து பேசுவார், கன்னத்தைத் தொடுவார், கைகளைப் பின்னால் கட்டிக்கொள்வார்.

6

அதற்குப் பிறகு ஊருக்குப் போகவில்லை. ஒரு வருடம் குடியுரிமைத் தாள்கள், ஒரு வருடம் ரவிக்கு வேலை போனது. எனக்குக் கிடங்கில் அட்டைப்பெட்டி ஒட்டுகிற வேலை. நாரணாபுரத்தில் பட்டாசுக்குப் பெட்டி ஒட்டியவள், கடல் தாண்டி வந்து ஷாம்பு புட்டிக்குப் பெட்டி ஒட்டுகிறேன். கெட்டும் பட்டணம் சேர் என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்.

அண்ணன் கொடுத்த கம்மல் வர்ஷாவின் காதில் ஒரு வருடம்கூட இருக்கவில்லை. ஓடி ஆடுகிற வகுப்பில் கழற்றச் சொன்னார்கள். கழற்றியதைத் திரும்பப் போடவிடவில்லை அவள். இப்போது துவாரம் இரண்டும் தூர்ந்துவிட்டன. உற்றுப் பார்த்தால் மட்டும் சின்னப் புள்ளி தெரிகிறது.

தமிழும் அப்படித்தான். போட்டோவைக் காட்டி, இது யாரு என்றால், “மாமா. அது ஃபயர் ஒர்க்ஸ் செய்யுது” என்பாள். ‘அது’ இல்லை, ‘அவர்’ என்று சொல் என்றால் இரண்டு நாள் சொல்வாள். ஒரு நாள் சோபாவில் உட்கார்ந்திருந்தவள் பக்கத்தில் போய், என் மடியில் வந்து உட்காரேன் என்றேன். “மடின்னா என்ன?” என்று கேட்டாள். தொட்டுக் காட்டினேன். ஓ, என்று சொல்லிவிட்டு டிவியைப் பார்க்கத் திரும்பிக்கொண்டாள். பிறந்த மூன்றாம் நாளிலிருந்து அவளைச் சீட்டில் பூட்டி வைத்தவள் நான். அவளைக் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை.

சட்டம் தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. அந்தக் காரில் இப்படி ஒரு சீட் இருந்திருந்தால் சின்னராசுக்கு இப்போது முப்பத்தேழு வயது. மெயில் அனுப்பியவளுக்கு அதைத்தான் எழுத நினைத்தேன். எழுதி, அழித்துவிட்டேன். பிள்ளையைக் காப்பாற்றத்தான் சீட் கொண்டுபோனேன். கொண்டுபோன இடத்தில், என்னைக் காப்பாற்றியவரை இறக்கிவிட்டேன். இதை எந்த மெயிலில் எழுதுவது?

7

நேற்று ஞாயிற்றுக்கிழமை. கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு கீழறைக்குப் போனேன். சீட்டை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்தவள், வெட்டுவதற்கு முன்னால் அண்ணனுக்குப் போன் போட்டேன். வெளிநாட்டுக்குப் பேசுகிற அட்டையைச் சுரண்டி, அதிலிருந்த பதினாறு இலக்கங்களையும் அமுக்கி, ஐந்து நிமிடம் பேசலாம் என்று ஒரு குரல் சொல்லி முடித்த பிறகு மணி அடித்தது. இங்கே காலை எட்டு மணி, அங்கே பொழுது சாய்ந்திருக்கும்.

“என்னத்தா, பிள்ளைக்கு ஒண்ணுமில்லையே?” அண்ணன் எப்போதும் அப்படித்தான் ஆரம்பிப்பார்.

“ஒண்ணுமில்லண்ணே. சாப்பிட்டீகளா?”

“இனிமேத்தான். அங்க பனி எம்புட்டு கெடக்கு?”

“முட்டளவு கெடக்கு.”

“பிள்ள கம்மல் போட்டிருக்காளா? கழத்திப் போட்றாத. தூந்துரும். வேப்பங்குச்சியாவது சொருகி வையி.”

“போட்டிருக்காண்ணே” என்றேன். வேப்பங்குச்சிக்கு நான் இங்கே எங்கே போவேன். “அண்ணே, அந்தச் சீட்டு இருக்குல்ல, வேன்ல நீங்க கயிறு போட்டுக் கட்டுனது. அத வெட்டிப் போடச் சொல்றாக.”

“நல்ல சாமானத்த எதுக்கு வெட்டணும்?”

“தேதி முடிஞ்சு போச்சாம்.”

கொஞ்சம் யோசித்தார். “அப்பப் பிளாஸ்டிக்கு நொய்ஞ்சு போயிருக்கும். நல்லா வெட்டு, என்ன? பாதி வெட்டிட்டு விட்றாத. எவனாவது எடுத்துட்டுப் போயி, நல்லாத்தான இருக்குன்னு பிள்ளைய உக்கார வச்சுரப் போறான்.”

கால் மணி நேரம் பாட்டுக் கேட்டும் நகராட்சிப் பெண்ணிடம் எனக்குக் கிடைக்காத காரணத்தை அண்ணன் ஒரு மூச்சில் சொல்லிவிட்டார். கதவில் எழுதியிருக்கிற சட்டத்தோடு தினமும் மருந்துக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறவருக்குத் தெரியாதா.

“அண்ணே, அன்னைக்கு வேன்ல நான் ஒண்ணு சொன்னேன். மடிய நம்ப முடியாதுன்னு.”

“அதெல்லாமா ஞாபகம் வச்சுக்கிட்டு இருக்க? நீ சட்டத்தச் சொன்ன. விடு.”

“விட முடியலண்ணே. சின்னராசு விழுந்தானே, அன்னைக்கு ஒங்க மடிதான் வேணும்னு அழுதது நான். காலை ஒதச்சுக்கிட்டு அழுதேன். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. அந்தக் கதவோரம் என் எடம். அம்மா ஒங்களக் கேக்கும்போதெல்லாம் நான் வாயை மூடிக்கிட்டு இருந்தேன்.”

அண்ணி யாரையோ கூப்பிடுவது தூரத்தில் கேட்டது. தெருவில் ஒரு வண்டி போனது. அப்புறம் அவர் தொண்டையைச் செருமினார்.

“நீ எங்கத்தா அழுத? நீ ஏறுனதுமே ஒறங்கிட்ட. தலை இங்கிட்டும் அங்கிட்டும் ஆடுதேன்னு நாந்தான் ஒன்னய வாங்கி மடியில போட்டேன். நானா மாத்துனதுதான். யாரு சொன்னா ஒனக்கு இதெல்லாம்?”

“யாரும் சொல்லல. எனக்கே தெரியும்.”

“கனாக் கண்டிருப்ப. ஆறு வயசுப் பிள்ளைக்கு என்ன தெரியும்? நீ ஒறங்கிட்டு இருந்த தாயி. நான் பாத்துக்கிட்டுத்தான இருந்தேன்.”

எங்கேயும் தடுக்காமல் வந்தது அந்தப் பேச்சு. என்றைக்காவது நான் கேட்பேன் என்று இத்தனை வருடமாக எடுத்து வைத்திருந்திருக்கிறார். அம்மாவிடம் அன்றைக்கு இரண்டு வார்த்தை சொல்லித் தப்பித்திருக்கலாம். எனக்கு என்ன பதில் சொல்ல வேண்டும் என்று மட்டும் யோசித்து வைத்திருக்கிறார். ஒரு நிமிடம்தான் மிச்சம் என்று அட்டைக்காரக் குரல் குறுக்கே வந்து சொல்லிவிட்டுப் போனது.

“வசந்தா, லைன்ல இருக்கியா? கேட்டுச்சா நான் சொன்னது? நீ ஒறங்கிட்டு இருந்த.”

அன்றைக்கு யாரோ வந்து என் வயிற்றின் மேலிருந்து அண்ணனின் விரல்களைப் பிரித்துவிட்டதாகத்தான் இத்தனை வருடமும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

“ஆமாண்ணே” என்றேன். “ஒறங்கிட்டுத்தான் இருந்தேன்.”